பி.டி. சாருக்குப் பொன்னாடை போதாது

பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், வாட்ஸ்அப் குழு அட்மின்கள் அனைவருக்கும்,

பள்ளியை விட்டு இருபத்தைந்து ஆண்டு நிறைந்ததும் நீங்கள் ஒன்றுகூடுகிறீர்கள். மண்டபம் பிடிக்கிறீர்கள், எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை தைத்துக்கொள்கிறீர்கள், பிரியாணிக்குச் சொல்லி வைக்கிறீர்கள், பழைய ஆசிரியர்களை வீடு தேடிப்போய்க் காரில் அழைத்து வருகிறீர்கள். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த மேடைக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் தலைமையாசிரியர். அடுத்து கணக்கு, இயற்பியல், வேதியியல். தமிழய்யா மைக்கைப் பிடித்தால் அரை மணி நேரம். பி.டி. சார் பெயர் கடைசியில் வரும். அதற்குள் சாப்பாட்டுப் பந்தி தொடங்கியிருக்கும். "சார், ரெண்டே நிமிஷம்" என்று தொகுப்பாளர் காதோரம் சொல்லிவிட்டுத்தான் மைக்கைக் கொடுப்பார். காலையிலிருந்து நாற்காலிகளை வரிசைப்படுத்தியதும், சலசலத்த கூட்டத்தை ஒரு சத்தம் போட்டு உட்கார வைத்ததும் பல விழாக்களில் அதே பி.டி. சார்தான். ஓய்வுபெற்ற பிறகும் அந்த வேலை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

ஒரு பொன்னாடை, ஒரு கேடயம், ஒரு குரூப் போட்டோ. முப்பது வருட உழைப்புக்கு நீங்கள் தரும் கணக்கு அதோடு முடிகிறது. இந்த மடல் அந்தக் கணக்கைப் பற்றியது.

அவர் என்ன செய்தார் என்பதை நீங்கள் மைதானத்தில் நின்று பார்த்தவர்கள்தான். ஆனாலும் பார்த்த எல்லாமே அப்போது புரிந்திருக்காது. விளையாட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, கயிறும் முளைக்குச்சியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு வெயிலில் வட்டம் போட்டுக்கொண்டிருப்பார். சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே இரண்டு மாணவர்கள் பின்னால் போவார்கள். வளைவில் ஓடும்போது வெளிப்பாதைக்காரன் அதிகத் தூரம் ஓட வேண்டியிருக்கும் அல்லவா? அதை ஈடுகட்ட அவனை முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும். எவ்வளவு தள்ளி? ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர் என்றால், முழுச் சுற்று ஓட்டத்தில் ஒரு பாதைக்கும் அடுத்த பாதைக்கும் சுமார் 7.66 மீட்டர். அகலத்தை இரண்டால் பெருக்கி, அதைப் 'பை'யால் பெருக்கினால் வந்துவிடும். மைதானம் பெரிதா சிறிதா, வட்டத்தின் ஆரம் எத்தனை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போட்டுக் காட்டியும் மண்டையில் ஏறாத 'பை', தரையில் வெள்ளைக் கோடாகக் கிடந்தது. நீங்கள் அதன்மேல் வெறுங்காலில் ஓடினீர்கள்.

அவருடைய நாள்காட்டியே வேறு. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வயதுச் சான்றிதழ், போட்டோ, பெற்றோர் ஒப்புதல், நுழைவுப் படிவம் என்று காகித வேலை. அடுத்து குறுவட்டப் போட்டி. அதில் தேறினால் வருவாய் மாவட்டப் போட்டி. அதையும் தாண்டினால் மாநிலம். பாரதியார் தினக் குழுப் போட்டிகள் ஒரு பக்கம், குடியரசு தினத் தடகளப் போட்டிகள் இன்னொரு பக்கம். விடியுமுன் பஸ் ஸ்டாண்டில் பதினைந்து பிள்ளைகளை எண்ணி ஏற்றி, இருட்டிய பிறகு எண்ணி இறக்கி, கடைசிப் பிள்ளையின் வீட்டிலிருந்து ஆள் வரும்வரை அங்கேயே நிற்பார். பள்ளியின் விளையாட்டு நிதி பஸ் கட்டணத்தோடு தீர்ந்துவிடும். பரோட்டாவுக்கும் குளுக்கோஸுக்கும் காசு எங்கிருந்து வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்றாவது அதை யோசித்துப் பாருங்கள்.

பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சருக்கு இன்னும் ஒரு சுமை கூடுதல். ஓடத் தெரிந்த பெண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. அவளை ஓட விடச் சொல்லி வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் பாடு. டிராக் பேன்ட் போட்டால் என்ன, வெயிலில் கறுத்துப்போனால் என்ன, வெளியூரில் ஒரு ராத்திரி தங்கினால் என்ன என்று திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடமும் பாட்டியிடமும் பேசியவர் அவர். கைப்பையில் விசிலோடு சானிட்டரி நாப்கினும் ஊக்கும் வைத்திருந்தவர். அந்த ஓட்டத்தில் கிடைத்த சான்றிதழ் உங்களில் சிலரை விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல் துறைக்கும் ரயில்வேக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. உங்கள் சங்கத்தில் சீருடை அணிந்தவர் யாரேனும் இருந்தால், அடுத்த கூட்டத்தில் அவரை முதலில் பேசச் சொல்லுங்கள்.

எல்லா பி.டி. சாரும் உத்தமர் என்று இந்த மடல் சொல்லவில்லை. பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் செய்தித்தாளோடு உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். பிரம்பைத் தவிர வேறு கருவி அறியாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் அடித்ததை இன்று நகைச்சுவையாக மேடையில் சொல்லிச் சிரிப்பது அடி வாங்கியவனுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. இங்கே பேச்சு மற்றவர்களைப் பற்றி. அவர்கள் யார் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்படி ஒருவர் பக்கத்து மாநிலத்தில் இருந்தார். ஓ.எம். நம்பியார். விமானப் படையில் இருந்துவிட்டு, பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பு முடித்து, கேரளம் திரும்பியவர். கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பள்ளி தொடங்கிய காலத்தில், பள்ளி மாணவியாக இருந்த பி.டி. உஷா அவர் கண்ணில் பட்டார். ஒடிசலான உடல், வேகமான நடை. அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்ததாக நம்பியார் பின்னாளில் சொன்னார். பையோலிக் கடற்கரை மணலில் ஓட விட்டார். பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் 1984 லாஸ் ஏஞ்சலஸில்தான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. உஷாவை அந்தப் பக்கம் திருப்பியவர் நம்பியார். முடிவு உங்களுக்குத் தெரியும். உஷா 55.42 வினாடி, மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கொஜொகாரு 55.41. அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கம், ஒரு வெண்கலம். அதற்கும் அடுத்த ஆண்டு சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி.

பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது தொடங்கிய 1985இலேயே நம்பியாருக்கு அது கிடைத்தது. ஆக, நாடு அவரை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பத்மஸ்ரீ? அது அறிவிக்கப்பட்டது 2021 ஜனவரியில். இடையில் 36 ஆண்டுகள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று, 89 வயதில், அவர் காலமானார். குடியரசுத் தலைவர் மாளிகையில் விருது வழங்கும் விழா நடந்தது நவம்பரில். ஒலிம்பிக்கில் நூறில் ஒரு வினாடி தாமதத்துக்கு நாற்பது ஆண்டுகளாக வருத்தப்படும் நாம், இந்த மூன்று மாதத் தாமதத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை.

உங்கள் பி.டி. சாருக்கு இப்போது என்ன வயது?

கேரளத்தில் இன்னொருவர், கே.பி. தாமஸ். கோட்டயம் மாவட்டத்து மலையோரக் கிராமமான கோருத்தோட்டில் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். எல்லோருக்கும் 'தாமஸ் மாஷ்', அதாவது தாமஸ் வாத்தியார். மாநிலப் பள்ளித் தடகளப் போட்டியில் அந்தக் கிராமத்துப் பள்ளி ஆண்டுக்கணக்கில் கோலோச்சியது. 2003இல் பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்ற அஞ்சு பாபி ஜார்ஜ், அந்தப் பள்ளியில் அவரிடம் பயின்றவர். 2013இல் தாமஸ் மாஷுக்கும் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது. ஒரு பள்ளி ஆசிரியர் பெயர் அந்தப் பட்டியலில் வந்ததற்கு அங்கே ஒரு பின்னணி உண்டு: பள்ளித் தடகளப் போட்டி என்றால் கேரளத்துச் செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதும், எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி, எந்த மாஷின் மாணவர் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். இங்கே மாநிலப் போட்டியில் முதலிடம் பெற்ற மாணவியின் பெயர் உள்ளூர்ப் பக்கத்தின் மூலையில் வரும். பக்கத்தில் மாலையோடு நிற்பவர் தாளாளர்.

தமிழ்நாட்டில் கதையே இல்லையா என்றால் உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கியவர். பள்ளியில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டச் சொன்னவர் அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார் மாரியப்பன். பரிசுப் பணம் குவிந்தபோது, அதில் 30 லட்சம் ரூபாயைத் தான் படித்த அரசுப் பள்ளிக்குத் தருவதாக அறிவித்தார். ஒரு முன்னாள் மாணவர் தன் பள்ளிக்கு எப்படி நன்றி சொல்கிறார் என்பதற்கு உங்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கிடைக்காது. சற்றே நின்று இன்னொன்றையும் பாருங்கள். அந்த ஆசிரியர் அன்று "நீ உட்கார்ந்து ஸ்கோர் எழுதுப்பா" என்று சொல்லியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பல பள்ளிகளில் நடப்பது அதுதான்.

இப்போது உங்கள் பள்ளிக்கே வருவோம். நீங்கள் படித்த காலத்தில் இருந்த பி.டி. பீரியட் இன்று கால அட்டவணையில் இருக்கிறது, மைதானத்தில் இல்லை. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அது கணக்கோ அறிவியலோ ஆகிவிடுகிறது. 2023இல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் பீரியடை அவர்களுக்குக் கடன் கொடுங்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைப் பொதுமேடையிலேயே கேட்டுக்கொண்டார். கைதட்டல் பலமாக இருந்தது. ஒரு மாநில அமைச்சர் இதற்காக மேடையில் வேண்டுகோள் வைக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் கைதட்டத் தோன்றாது.

ஆளும் குறைவு. 2012இல் உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் போன்றவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது, மாதம் 5,000 ரூபாய்க்கு. போராட்டம் மேல் போராட்டம் நடத்தி அது 12,500ஐ எட்டியது 2024இல். பகுதிநேரம் என்பது சம்பளத்துக்கு மட்டும்தான். போட்டி என்று வந்தால் அவர்களும் விடியுமுன் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். உங்கள் பள்ளியில் இன்று விசில் ஊதுபவர் அவர்களில் ஒருவராக இருக்கக்கூடும். உங்கள் காலத்து பி.டி. சாருக்கு மரியாதை செய்துவிட்டு, அவர் இடத்தில் நிற்பவரை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்து மைதானம். இதைச் சொன்னால் உங்களில் சிலருக்குக் கோபம் வரலாம். வகுப்பறைக் கட்டடம், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி என்று எது வந்தாலும் இடம் கேட்பது மைதானத்தைத்தான். அவை தேவையானவை, விட்டுவிடலாம். ஆனால் 'முன்னாள் மாணவர்கள் அன்பளிப்பு' என்று கல்வெட்டுப் பதித்த கலையரங்கம் எங்கே எழும்பியது? நூறு மீட்டர் ஓட்டத்தின் முடிவுக் கோட்டுக்கு மேலே. அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்பது மீட்டரில் சுவரைப் பார்த்து வேகத்தைக் குறைக்கப் பழகுகிறார்கள். மாவட்டப் போட்டியில் கடைசி இருபது மீட்டரில் பின்தங்குவதற்குக் காரணம் கேட்டால் பி.டி. சார் வாய் திறக்க மாட்டார். கலையரங்கத் திறப்பு விழாவில் அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தியிருப்பீர்கள்.

ஆசிரியரைப் போற்றும் முறையை வேறோர் ஊரிலிருந்து கொஞ்சம் கற்கலாம். கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்குக்கு மேலே, சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இட்டென் என்றொரு சிறு ஊர். அங்கே செயின்ட் பேட்ரிக் பள்ளிக்கு 1976இல் புவியியல் கற்பிக்க வந்தார், அயர்லாந்துத் துறவி சகோதரர் கோம் ஓ'கானல். தடகளப் பயிற்சி அவர் படித்த பாடமே இல்லை. பிள்ளைகளோடு மைதானத்தில் நின்று நின்றே கற்றுக்கொண்டார். கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவர், நாற்பதாண்டுகளுக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். நியூயார்க் மராத்தானை வென்ற முதல் ஆப்பிரிக்கரான இப்ராகிம் ஹுசைன், 1988 சியோல் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வென்ற பீட்டர் ரோனோ, 800 மீட்டரில் மூன்று முறை உலக சாம்பியனான வில்சன் கிப்கேட்டர் ஆகியோர் அந்தப் பள்ளியில் படித்தவர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷாவும் அவர் கையில் வளர்ந்தவர்தான்.

அந்தப் பள்ளி வளாகத்தில் உலக அளவில் வென்ற பழைய மாணவர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மரம் நட்டிருக்கிறார்கள். மரத்தடியில் பெயர்ப் பலகை. வகுப்புக்குப் போகிற பையன் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டேதான் போகிறான். பள்ளி விடுமுறையில் இளையவர்களுக்கு ஓட்ட முகாம் நடக்கும். 1989இல் ஓ'கானல் தொடங்கிய வழக்கம் அது. ஊர் எல்லையில் 'சாம்பியன்களின் இல்லம்' என்று ஒரு வளைவும் இருக்கிறது. ஆம், அவர்களுக்கும் வளைவு ஆசை உண்டு. ஆனால் அதைச் சாலைக்குக் குறுக்கே கட்டினார்கள், ஓடுபாதைக்குக் குறுக்கே கட்டவில்லை.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது.

முதலாவதாக, அவர் ஓய்வுபெறும் வரை காத்திருக்காதீர்கள். ஏற்கெனவே ஓய்வுபெற்றிருந்தால் வெள்ளிவிழா வரை காத்திருக்காதீர்கள். அவருடைய அலமாரியில் முப்பது வருடப் பதிவேடு இருக்கும்: எந்த ஆண்டு யார் எத்தனை வினாடியில் ஓடினார்கள், எத்தனை மீட்டர் எறிந்தார்கள். சில பள்ளிகளில் அது கரையான் அரித்துக் கிடக்கிறது. சில பள்ளிகளில் அவர் மாறுதலாகிப் போனபோது குப்பைக்குப் போயிருக்கிறது. உங்களில் கணினி தெரிந்த இரண்டு பேர் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யுங்கள். அதிலிருந்து பள்ளிச் சாதனைப் பலகை ஒன்று எழுதி மைதானத்தைப் பார்த்த சுவரில் மாட்டுங்கள். நூறு மீட்டரிலிருந்து குண்டு எறிதல் வரை, பெயர், ஆண்டு, அளவு, பயிற்றுவித்தவர். ஒன்பதாம் வகுப்புப் பையன் அதைப் பார்த்துத் தன் நேரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். பயிற்றுவித்தவர் என்ற கட்டத்தை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, அவர் பெயரில் ஒரு நாள் தடகளப் போட்டி. ஆண்டுதோறும், பள்ளி மைதானத்திலேயே, சுற்றியுள்ள நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்து. கேடயத்தின் அளவைக் குறைத்து வரும் பிள்ளைகளுக்கு முட்டையும் வாழைப்பழமும் மதியச் சாப்பாடும் போடுங்கள். சிறப்பு விருந்தினர் உரை ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

பணம் பற்றியும் பேசிவிடலாம். நீங்கள் வசூல் செய்யத் தெரிந்தவர்கள். கலையரங்கத்துக்குச் சில லட்சம் திரட்டியவர்கள். மைதானத்துக்கு வேண்டியவற்றில் பெரும்பாலானவை கல்வெட்டு வைக்க முடியாத பொருட்கள். சுண்ணாம்புத் தூள் ஒரே மழையில் கரைந்துவிடும். ஈட்டி முனை மழுங்கும். நீளம் தாண்டும் குழிக்கு ஆண்டுதோறும் மணல் மாற்ற வேண்டும். டிக் ஃபாஸ்பரி முதுகுப்புறமாகத் தாண்டி ஒலிம்பிக் தங்கம் வென்றது 1968இல். இன்றும் நம் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் கத்தரித் தாண்டல்தான் தாண்டுகிறார்கள், ஏனென்றால் முதுகில் விழ ஒரு ஃபோம் மெத்தை இல்லை. மெத்தை வாங்கினால் உங்கள் பெயரை அதன் பக்கவாட்டில் எழுதிக்கொள்ளலாம். மற்றவற்றுக்குப் பெயர் போட இடம் கிடைக்காது. அதற்குத் தயாரானவர்கள் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாவதும் கடினமானதும் ஒன்று உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. அங்கே போய் உட்காருங்கள். பி.டி. பீரியட் வேறு பாடத்துக்குப் போகக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். மைதானத்தில் புதிதாக எதைக் கட்டுவதானாலும் உடற்கல்வி ஆசிரியரைக் கேட்காமல் இடம் குறிக்கக் கூடாது என்பதையும் அதே தீர்மானத்தில் சேருங்கள். தலைமையாசிரியர் தேர்ச்சி விகிதத்தைக் காட்டி மறுப்பார். பெற்றோரில் சிலரும் அவர் பக்கம் நிற்பார்கள். நீங்கள் அந்த மைதானத்தில் ஓடி, பிறகு தேர்வும் எழுதி, இன்று டாக்டராகவும் பொறியாளராகவும் ஏட்டாகவும் வியாபாரியாகவும் அங்கே வந்து உட்கார்ந்திருப்பதுதான் உங்கள் பதில். அதைப் பி.டி. சார் சொன்னால் எடுபடாது. நீங்கள் சொன்னால் எடுபடும்.

குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் தொடங்கிவிடும். அதற்கு ஒரு மாதம் முன்பாகவே பள்ளிக்குப் போய், ஓய்வுபெற்றவரையும் இப்போது விசில் ஊதுபவரையும் ஒன்றாக உட்கார வைத்து, இந்த ஆண்டுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் முதல் பொருளாக அந்தத் தாளைப் படியுங்கள்.